கீழ் வயல் வென்ற கதை

மனித குலத்தை நெடுநாளாக வாட்டிய ஒரு சந்தேகம், 1975ஆம் ஆண்டு தை மாதம், சோழவரம் ஏரிக்குக் கீழே, துணிப்பந்தலும் மைக்செட்டும் சாட்சியாகத் தீர்ந்தது. பூவராகவனின் நிலத்தில் எட்டு வருடமாக மேல் வயலுக்கு யூரியா மட்டும், கீழ் வயலுக்கு எரு மட்டும் போட வைத்துச் சோதித்த அதிகாரி ஸம்பத்குமார், கீழ் வயல் ஆறு மூட்டை கூடுதலாகக் கண்டதால் எருவே வென்றது என்று அறிவித்தார். ஊரே கைதட்டியது.

பூவராகவனுக்குக் கை எழவில்லை. போன வருடம் இதே சோதனையை நம்பி, மீதி மூன்று ஏக்கருக்கும் வெறும் எருவைப் போட்டுப் பாதி நெல்லை இழந்திருந்தார். இன்னொரு போகம் தவறினால் எண்ணூரில் கம்பெனி வேலை தேட வேண்டியதுதான்.

“சார், அதே எரு. இங்க வெளையுது, அங்க வெளையல. இன்னா சார் இது?”

“மண்ணோட குணம்” என்றார் அதிகாரி, ஃபைலைப் புரட்டியபடி.

“ரெண்டும் பக்கத்துப் பக்கத்துலதானே கீது?”

மோர் ஊற்றிக்கொண்டிருந்த பூவராகவனின் மனைவி அஞ்சம்மாள் குறுக்கிட்டாள். “இன்னாத்துக்கு ரெண்டு பேரும் பேஜாராவுறீங்க? அந்த மூணு ஏக்கருக்குத் தனி வாய்க்கா. இங்க மேல் வயல் மடைய தொறந்தாத்தான் கீழ் வயலுக்குத் தண்ணி. யூரியா கரைஞ்சு எட்டு வருசமா இதுக்கும் வந்துகினுதான் கீது.”

“அத ஏம்மா சொல்லல?”

“வேற எப்பிடி சார் தண்ணி பாயும்?”

அதிகாரி ஃபைலை மூடினார்.

அடுத்த போகத்துக்குப் பூவராகவன் மூன்று ஏக்கரிலும் எருவையும் யூரியாவையும் சேர்த்தே போட்டார். சோதனை தொடங்குவதற்கு முன்பும் அப்படித்தான் போட்டுக்கொண்டிருந்தார்.