கயிறு பிடிக்கிற ஆள்

கட்டிலின் காலடியில் கிடந்த பிளாஸ்ரிக் கதிரையில் பஸ்ரியாம்பிள்ளை முதுகு சாய்க்காமல் இருந்தார். தங்கை யூலியானாவின் புருஷன் அன்ரனிதாஸ் கண்மூடிக் கிடந்தான். எழுவைதீவில் காய்ச்சலோடு கிடந்தவனை, காற்று அடங்கிப் படகு ஓடத் தொடங்கிய பிறகுதான் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவர முடிந்தது. அதற்குள் நெஞ்சு கெட்டுவிட்டது. இப்போது இரத்தத்தை வெளியே இழுத்து, காற்றேற்றி, திருப்பி அனுப்புவது ஒரு மெசின்தான்.

நெற்றியில் ஓர் ஒட்டு. அதன் வயர் போய்ச் சேர்ந்த திரையில் 64 என்று நின்றது.

"அண்ணை, இது மூளைக்கு ஒட்சிசன் போறதைக் காட்டுறது. சத்தம் போடுற மணி பழுது, திருத்த ஆள் வரேல்லை. நீங்கள் இந்த நம்பரைப் பாத்துக்கொண்டிருங்கோ, அது…"

தாதி நிலாந்தி முடிப்பதற்குள் வேறொரு கட்டிலில் யாரோ அலறினார்கள். அத்தனை கட்டிலுக்கும் அவள் ஒருத்திதான். ஓடினாள்.

எண் பார்க்க அவருக்குச் சொல்லித்தரவா வேண்டும்? மச்சான் கடலட்டை பிடிக்கக் கடலடிக்குச் சுழியோடும்போதெல்லாம் படகில் கயிறு பிடிப்பவர் அவர்தான். கை விரித்து அளந்து, பாகக் கணக்கில் கயிறு விடுவார். கணக்குக் கூடினால் மச்சான் ஆழத்துக்குப் போகிறான். குறைந்தால் மேலே வருகிறான்.

58 ஆனது. அவருக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. 51. கைபேசியில் தங்கையைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, அழாதை. குறைஞ்சு வருது. மச்சான் ஏறி வாறான்."

"மாதாவே! நான் கோயிலுக்கு ஓடிப்போய் மெழுகுதிரி கொளுத்திப்போட்டு எடுக்கிறன் அண்ணை."

43. சுழியோடி அவசரப்பட்டு ஏறக்கூடாது, ஏறினால் கைகால் முடங்கிவிடும். அந்தப் பயம் பிடித்துக்கொள்ள, கட்டில் சட்டத்தைப் பற்றியபடி குனிந்தார்.

"மெல்ல வாடா மச்சான், மெல்ல."

நிலாந்தி திரும்பி வந்தபோது 31.

"டொக்டர்!" என்று கத்தினாள். "ஐயோ, ஏன் அண்ணை கூப்பிடேல்லை? குறையக் குறைய மூளையெல்லே சாகுது!"

"எனக்கு ஆர் பிள்ளை சொன்னது?"

டொக்டர் ஓடிவந்து குழாய்களைத் தடவினார், மெசினைத் திருகினார், அன்ரனிதாஸின் இமையை விரித்து வெளிச்சம் அடித்தார். பிறகு மற்ற இமையையும். திரை சத்தமில்லாமல் 22 என்றது.

பஸ்ரியாம்பிள்ளையின் கைபேசி அடித்தது.

"கொளுத்திட்டன் அண்ணை. அவர் மேல வந்திட்டாரோ?"

அவருடைய மற்றக் கை கட்டில் சட்டத்தை விடாமல் இழுத்துக்கொண்டிருந்தது.