பக்கத்து சீட்

ஆட்டோகிராஸில் கார் ஓட்டப் போகலாம், ஆனால் பக்கத்து சீட்டில் தரணி அண்ணன் உட்கார வேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டார்.

"ஒத்தப் புள்ளையா உட முடியாது கண்ணு. அவன் பக்கத்துல இருந்தாத்தான் எனக்கு நிம்மதி."

நான் சரிங்க என்றேன். எனக்கு முதலில் வருகிற சொல் அதுதான். மறுப்பெல்லாம் பிறகு வரும், தனியாக இருக்கும்போது, முழு வாக்கியங்களாக.

தரணீதரன் என் பெரியப்பா மகன். என்னைவிட ஆறு வயது மூத்தவர். எனக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தது தான்தான் என்று எல்லோரிடமும் சொல்வார். அதில் பாதி உண்மை. நான் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பேன், அவர் "பிரேக்கு, பிரேக்கு, லெப்ட்டுல ஒடி, என்னத்தப் பாக்கறே" என்று கத்திக்கொண்டே வருவார். ஒருமுறை சேவூருக்குப் பக்கத்தில் ஆடு ஒன்று குறுக்கே வந்தது. நான் பிரேக்கை மிதித்துவிட்டேன். கார் நிற்கப் போகிற நேரத்தில் அவர் ஹேண்ட்பிரேக்கைப் பிடித்து இழுத்தார். கார் அரைச் சுற்று சுற்றி, சோளக்காட்டைப் பார்த்து நின்றது. "நான் மட்டும் இல்லீனா என்ன ஆயிருக்கும்?" என்று வீட்டுக்கு வந்து சொன்னார். நான் எதுவும் சொல்லவில்லை. ஆடும் எதுவும் சொல்லவில்லை.

ஆட்டோகிராஸ் பெரிய பந்தயம் இல்லை. அகலமான கான்கிரீட் தளத்தில் ஆரஞ்சு நிறக் கோன்களை வைத்து, வளைந்து நெளிந்து ஒரு பாதை போடுவார்கள். ஒவ்வொரு காராகத்தான் விடுவார்கள். மோதுவதற்கு இன்னொரு கார் கிடையாது, கடிகாரம் மட்டும்தான். ஒரு கோனைத் தட்டினால் இரண்டு நொடி கூடும். ஒருவருக்கு மூன்று ரவுண்டு. முதல்முறை வருகிறவர்கள் விரும்பினால் பக்கத்தில் ஒருவரை ஏற்றிக்கொள்ளலாம் என்று விதிகளில் ஒரு வரி இருந்தது. பதினோரு பக்கத்தில் அந்த ஒரு வரியைத்தான் தரணி அண்ணன் அப்பாவிடம் காட்டினார்.

கார், அப்பாவின் பழைய ஜென். பல்லடம் ரோட்டில் எங்கள் காம்பேக்டிங் யூனிட்டுக்குப் பின்னால் நாலு வருடமாக நின்றிருந்தது. சாயம் போட்டு வருகிற பனியன் துணியை நீராவியில் விட்டு, பிறகு சுருங்காதபடி அமுக்கி எடுக்கிற வேலை எங்களுடையது. பி.எஸ்சி. இயற்பியல் முடித்த நான் அங்கேயே ஒரு சின்ன அறையில் துணி சோதிக்கிறேன். ஜென்னைப் பழைய இரும்புக்குப் போடப் பேசியபோது, எனக்குக் கொடுங்க என்று கேட்டேன். நான் எதையும் கேட்டுப் பழக்கமில்லாததால் அப்பா கொடுத்துவிட்டார்.

அதை வேறொரு வண்டியில் கட்டி இழுத்துக்கொண்டுபோய் அனுப்பர்பாளையத்தில் சித்ராதேவி அக்காவின் ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். அக்கா கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். அவருடைய கணவர் கம்பெனி ஒன்றில் கட்டிங் மாஸ்டர். "அந்தாளு துணியப் பிரிச்சு மேய்வாரு, நான் வண்டியப் பிரிச்சு மேய்வேன்" என்பார் அக்கா.

"யாரு ஓட்டப் போறது?" என்று கேட்டார்.

"நான்தாங்க."

"சத்தமாச் சொல்லு தாயி. இஞ்சினுக்குக் கேக்கணும்ல."

அக்காவுக்கும் ஆட்டோகிராஸ் தெரியாது. விதிகளை நான் வாசிக்க வாசிக்க அவர் கழற்றினார். பின் சீட், ஸ்டெப்னி, ஜாக்கி, கால்மிதி. காருக்குள் எதுவும் தளர்வாக இருக்கக் கூடாது என்று வாசித்தபோது டேஷ்போர்டைப் பார்த்து நிறுத்தினார்.

"பிள்ளையாரயுமா?"

"ஒட்டினது வெயில்ல இளகியிருக்குங்க்கா."

அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டு பிள்ளையாரை எடுத்து ஷெல்ஃபில் வைத்தார். "வெளிய நின்னு பாத்துக்கிடட்டும். அவருக்கு வேற சோலி என்ன இருக்கு?"

கழற்றியதையெல்லாம் யூனிட்டில் துணி ரோல் எடை போடுகிற தராசில் வைத்துப் பார்த்தேன். முப்பத்தாறு கிலோ. தரணி அண்ணனின் எடை எழுபத்தெட்டு. இரண்டையும் ஒரு தாளில் எழுதி அப்பாவிடம் நீட்டினேன். நான் வாதாடுகிற விதம் அதுதான்.

அப்பா வாசித்துச் சிரித்தார். "அதுக்குன்னு அவனயும் கழட்டி வெக்க முடியுமா?"

பிரேக் ஆயில் டீ நிறத்தில் இருந்தது. மாற்றினோம். பிரேக் பேட் மாற்றினோம். வீல் நட்டுகளை அக்கா ஸ்பேனர்மேல் ஏறி நின்று முடுக்கினார். பேட்டரியைப் பிடித்திருந்த கம்பி துருவேறி அக்காவின் கையோடு வந்துவிட்டது. பக்கத்து யூனிட்டில் நாலு விரல் அகல எலாஸ்டிக் கேட்டு வாங்கி, நாலு சுற்றுச் சுற்றி இறுக்கினோம். எங்கள் ஊரில் எது அறுந்தாலும் எலாஸ்டிக்கில்தான் கட்டுவார்கள். நான் தொட்டுப் பார்த்தேன். விறைப்பாக இருந்தது. "ஆனையவே கட்டலாம்" என்றார் அக்கா.

மூன்று ஞாயிறு யூனிட் வாசலில் ஓட்டிப் பழகினேன். நூல் சுற்றி வருகிற காலிக் கோன்களைத் தரையில் வரிசையாக வைத்துக்கொண்டேன். பீகார்ப் பையன்கள் சுவரில் உட்கார்ந்து, விழுகிற ஒவ்வொன்றையும் இந்தியில் சத்தமாக எண்ணினார்கள். முதல் ஞாயிறு பதினாலு வரை போனார்கள். மூன்றாம் ஞாயிறு இரண்டோடு நின்றது. அவர்களுக்குச் சலித்துப் போய் செல்போனைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

அந்த மூன்று ஞாயிறும் பக்கத்தில் யாரும் இல்லை. டயர் வழுக்குவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு சத்தம் வரும். முனகல் மாதிரி. அது வந்ததும் ஸ்டியரிங்கைத் துளி தளர்த்த வேண்டும். யாராவது பேசிக்கொண்டிருந்தால் அது கேட்காது. தரணி அண்ணன் இருந்தால் எனக்கு அது ஒருநாளும் கேட்கப் போவதில்லை. நான் ஓட்டியதாகவும் ஆகாது.

இதை அப்பாவிடம் சொல்ல இரண்டு முறை போனேன். இரண்டு முறையும் டீ கொடுத்துவிட்டு வந்தேன்.

பந்தயம் நடந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் கோயம்புத்தூர்ப் பக்கம் உள்ள அந்தத் தளத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். நானும் அக்காவும் ஜென்னில். அப்பா தரணி அண்ணனின் காரில். அண்ணன் கறுப்பு டீஷர்ட், கறுப்பு கையுறை, புது ஹெல்மெட் போட்டிருந்தார். ஜென் மேல் சாய்ந்து போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தார். கூட்டாளிகள் நாலு பேர் வந்திருந்தார்கள். "நம்ம தரணி இன்னிக்குக் கலக்கப் போறான்" என்றான் ஒருவன். அண்ணன் மறுக்கவில்லை.

நான் பாதையை மூன்று முறை நடந்து பார்த்தேன். இருபத்தேழு கோன். மூன்றாவது வளைவு உள்பக்கம் சாய்ந்திருந்தது.

வண்டிகளைச் சோதிக்கிறவர் ஜெபக்குமார் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தார். வீல்களை ஆட்டினார். பிரேக்கை மிதிக்கச் சொன்னார். பானெட்டைத் திறந்து பேட்டரியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். பேட்டரி அவரோடு வந்தது. விட்டார். திரும்பப் போனது. மறுபடி இழுத்து விட்டார்.

"ஏனுங்க, இது ஜட்டி எலாஸ்டிக்குங்களா?"

வரிசையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள்.

"எக்ஸ்போர்ட்டு குவாலிட்டி சார்" என்றார் அக்கா.

"எக்ஸ்போர்ட்டா இருந்தாலும் நீளுதுங்களே. ஒரு வளைவுல அடிச்சா பேட்டரி எந்திரிச்சு வெளிய வந்துரும்." மணி பார்த்தார். "இன்னும் இருவத்தஞ்சு நிமிசத்துல சோதன முடிஞ்சுரும். நீளாத எதையாச்சும் வெச்சுக் கட்டிட்டு வாங்க. இல்லீன்னா இன்னிக்கு இந்த வண்டி எறங்காது."

எலாஸ்டிக்கை இழுத்து, எத்தனை சதவீதம் நீள்கிறது என்று எழுதுவது என் வேலைகளில் ஒன்று. வாரத்துக்கு நாற்பது துண்டு. இதை நானே கவனித்திருக்க வேண்டும்.

தரணி அண்ணன் வந்து எட்டிப் பார்த்தார். "அட! இதைக்கூடப் பாக்கலியா? செரி உடு பாப்பா. அடுத்த மாசம் மறுக்கா வெப்பாங்க. அப்ப நானே ஓட்டிக் காமிக்கறேன். நீ பக்கத்துல உக்காந்து பாரு, புரியும்."

"அண்ணன் சொல்றது செரிதான் கண்ணு" என்றார் அப்பா. "என்ன அவசரம்?"

பக்கத்துக் கார்களில் கம்பி இருக்கிறதா என்று அக்கா கேட்டுக்கொண்டு ஓடினார். வெறுங்கையோடு வந்தார். நான் காருக்குள் பார்த்தேன். எல்லாவற்றையும் நாங்களே கழற்றிவிட்டிருந்தோம். ஸ்டியரிங், இரண்டு சீட், இரண்டு பெல்ட்.

சீட் பெல்ட் நீளாது. மனிதனைப் பிடித்து நிறுத்த நெய்தது. என் பெல்ட் எனக்கு வேண்டும்.

"அக்கா, கட்டர் இருக்குங்களா?"

நான் எங்கே பார்க்கிறேன் என்று அக்கா பார்த்தார். பாக்கெட்டிலிருந்து கட்டரை எடுத்துக் கொடுத்தார்.

இடது பக்கக் கதவைத் திறந்து, பெல்ட்டை முழுவதும் இழுத்து, மேலே ஒரு வெட்டு, கீழே ஒரு வெட்டு. துணி வெட்டிப் பழகிய கை. பிசிறில்லாமல் வந்தது.

"ஏய், ஏய், அது என்ற பெல்ட்டு!" என்றார் தரணி அண்ணன்.

"கார் பெல்ட்டுங்கண்ணா."

"கண்ணு, என்ன பண்றே?" அப்பாவின் குரல் உயர்ந்தது.

"பேட்டரி கட்டறனுங்கப்பா."

அக்கா பெல்ட்டைப் பேட்டரித் தட்டுக்கு அடியில் விட்டு இரண்டு சுற்றுச் சுற்றினார். பம்பரில் காலை ஊன்றி, மூச்சுப் பிடித்து இழுத்து முடிச்சுப் போட்டார். ஜெபக்குமார் வந்து இழுத்தார். இந்த முறை காரின் மூக்கே ஆடியது, பேட்டரி ஆடவில்லை. எங்கிருந்து எடுத்தோம் என்று உள்ளே பார்த்தார்.

"பக்கத்து சீட்டுக்கு பெல்ட் இல்லீங்களே. பெல்ட் இல்லாம ஆள ஏத்த உட மாட்டோம்."

"தெரியுங்க."

"அப்ப நீங்க தனியாத்தான் ஓட்டோணும்."

"ஆமாங்க."

அவர் தாளில் ஏதோ அடித்துவிட்டு, கண்ணாடியில் ஸ்டிக்கரை ஒட்டினார். பதினேழு.

அப்பா பக்கத்தில் வந்தார். மெதுவாகத்தான் கேட்டார். "வேணும்னே பண்ணுனியா?"

பேட்டரிக்காகத்தாங்க என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யும் இல்லை. அவரும் அதையே எதிர்பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"பேட்டரிக்கும் வேணுமுங்கப்பா. எனக்கும் வேணுமுங்க."

"ஏதாச்சும் ஆச்சுன்னா?" என்றார் தரணி அண்ணன், ஹெல்மெட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு.

"ஆச்சுன்னா நீங்க வெளிய நின்னே ஹேண்ட்பிரேக்கப் புடிச்சு இழுங்க சார்" என்றார் அக்கா. அந்தக் கதையை அக்காவிடம் எப்போது சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. அண்ணனின் கூட்டாளி ஒருவன் சிரித்துவிட்டான். பிறகு அக்கா என் பக்கம் திரும்பினார். "அது கெடக்கட்டும் தாயி, நான் எதுல ஊருக்குப் போறது?"

"பஸ்லதாங்க்கா."

"கட்டர நான்ல குடுத்தேன்! எனக்கு நல்லா வேணும்."

பதினாறாம் எண் கார் போய் வந்தது. நான் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கோட்டுக்கு வந்தேன். கொடி இறங்கியது.

கிளட்சை வேகமாக விட்டுவிட்டேன். கார் ஒருமுறை குலுங்கிப் புறப்பட்டது. முதல் வளைவு, இரண்டாம் வளைவு, டயர் முனகியது, தளர்த்தினேன், பிடித்தது. மூன்றாவதில் தாமதமாகப் பிரேக் போட்டேன். இடது பக்கம் ஒரு கோன், அதன் பின்னாலேயே இன்னொன்று, கதவில் தட்டி விழுந்தன. ஒரு நொடி எல்லோரும் பார்க்கிறார்களே என்று தோன்றியது. அடுத்த கோன் அதற்குள் வந்துவிட்டது. கூச்சப்பட அங்கே நேரமில்லை. வரிசைக் கோன்களுக்கு நடுவே இடம், வலம், இடம் என்று திருப்பினேன். கடைசி நேர்ப்பாதையில் ஆக்சிலரேட்டரைத் தரை வரைக்கும் அமுக்கினேன். இப்படி ஒன்றை முழுவதும் அமுக்கியது அதுதான் முதல்முறை.

அறுபத்தொரு நொடி. கோன்களுக்கு நாலு. பத்தொன்பது பேரில் பதினைந்தாவது.

சுற்றிக்கொண்டு வந்து அடுத்த ரவுண்டுக்கான வரிசையில் நின்றேன். அணைத்தால் ஸ்டார்ட் ஆகாதோ என்று இஞ்சினை ஓடவிட்டிருந்தேன். அப்பாவும் அண்ணனும் நடந்து வந்தார்கள்.

"மூணாவது வளைவுல ரெண்டு கோனு போச்சு" என்றார் அண்ணன், குனிந்து. "நான் இருந்திருந்தா முன்னாடியே பிரேக்குன்னு சொல்லியிருப்பேன்."

சொல்லியிருப்பார். இரண்டு கோனும் தப்பித்திருக்கும். அதை நான் மறுக்கவில்லை. மூன்றாவது வளைவில் எத்தனை அடி முன்னால் மிதிக்க வேண்டும் என்று இப்போது என் காலுக்கே தெரியும்.

அப்பா ஜன்னலில் கை வைத்திருந்தார். கண்கள் காலியான சீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பின. "ஓட்டிட்டியல்ல கண்ணு? போதும். எறங்கு, ஊட்டுக்குப் போலாம்."

"இன்னும் ரெண்டு ரவுண்டு இருக்குங்கப்பா."

"அதான் ஒருக்கா ஓட்டியாச்சே."

"ரெண்டு இருக்குங்க."

முன்னால் இருந்த கார் நகர்ந்தது. கொடிக்காரர் என்னைப் பார்த்துக் கையை அசைத்தார். அப்பாவின் கை இன்னும் ஜன்னலில் இருந்தது.

"கைய எடுத்துக்குங்கப்பா."

எடுத்தார். நான் முதல் கியரைப் போட்டேன். கார் நகரும்போது அவர் ஏதோ சொன்னார். ஹெல்மெட்டுக்குள் சரியாகக் கேட்கவில்லை. என்னங்க என்று நான் திரும்பிக் கேட்கவும் இல்லை.