கத்தரிக்காத கயிறு

ஜெர்மனியில், லைப்சிக் நகரத்தில் ஒரு பழைய சைக்கிள் தொழிற்சாலையின் இரண்டாம் மாடியில், ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்குக் கூட்டம். கயிற்றால் கட்டுவதிலும் கட்டுப்படுவதிலும் இன்பம் காண்கிற நாற்பது பேர் முறைப்படி பதிவு செய்து நடத்துகிற சங்கம் அது. தலைவி உண்டு, செயலாளர் உண்டு, தீர்மானப் புத்தகம் உண்டு. ஆளைக் கட்டி உத்தரத்தில் தொங்கவிடலாம், அதற்குத் தடையில்லை. செருப்போடு உள்ளே வந்தால் மட்டும் சண்டைக்கு வருவார்கள்.

வீப்கெ இடது கையால் பூட்ஸைக் கழற்றி முடிக்க ஐந்து நிமிடம் ஆனது. வலது கை மணிக்கட்டோடு செத்த கோழியின் கழுத்து மாதிரித் தொங்கிவிடும், அதற்காகக் கறுப்புப் பட்டை போட்டிருந்தாள். ஏழு வாரமாகிறது. மெழுகைச் செதுக்கிப் பல் செய்கிறவள் அவள். நரம்பு திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்று மருத்துவர் கையை விரித்துவிட்டார். பூட்ஸோடு அவள் மல்லுக்கட்டியதை எல்லோரும் பார்த்தார்கள், ஒருவரும் எழுந்து வரவில்லை. மேசையில் இருந்த பிளம்ஸ் கேக் அவ்வளவு முக்கியமாகிவிட்டது.

அவள் கேட்க வந்தது ஒன்றே ஒன்றுதான். வியாழக்கிழமை தொடங்கும் புதியவர்கள் வகுப்பை டோர்பென் நடத்தக் கூடாது. பன்னிரண்டு பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். ஏழு வாரத்துக்கு முன் அவளைக் கட்டித் தொங்கவிட்டவன் அவன்தான். அந்த அறையில் பாதிப்பேருக்குக் கட்டச் சொல்லிக்கொடுத்தவனும் அவனே, ஆகவே அவனைக் குறை சொல்வது கோயிலுக்குள் போய்ச் சாமியைத் திட்டுகிற காரியம்.

"உக்காரும்மா. காபி ஊத்தட்டுமா?" என்றாள் தலைவி ஆன்னெகிரெட்.

"அம்மா வேண்டாம். காபியும் வேண்டாம்."

ஆன்னெகிரெட் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஒரு தாளை எடுத்தாள். கட்டுவதற்கு முன் கட்டுப்படுகிறவர் நிரப்பித் தருகிற தாள். "நரம்பு பாதிக்கலாம்னு தெரியும்னு டிக் பண்ணிக் கையெழுத்துப் போட்டிருக்கே."

"நான்தான் போட்டேன். அப்போ இந்தக் கையால கையெழுத்துப் போட முடிஞ்சுது."

"கோவப்பட்டா எப்படி? ஆபத்து தெரிஞ்சுதானே எல்லாரும் இங்க வர்றோம்."

டோர்பெனின் சிஷ்யப்பிள்ளை ஃபால்க் குறுக்கே புகுந்தான். முப்பது வயது, தாடிக்கு மட்டும் ஐம்பது. "ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதே. 'சிவப்பு'ன்னு நிஜமாவே வாய்விட்டுச் சொன்னியா, இல்ல மனசுக்குள்ள நெனச்சுக்கிட்டியா?"

சிவப்பு என்றால் நிறுத்து. அந்தக் கூடத்தில் அதற்கு மேல் பேச்சே கிடையாது, கிடையாது என்றுதான் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள்.

"சொன்னா. ரெண்டு தடவை" என்றான் ஊவெ. அவளைக் கட்டிய அன்றைக்குப் பக்கத்தில் நின்று ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளும் காவல் பொறுப்பில் இருந்தவன். ஏழு வாரம் வாயில் கொழுக்கட்டை வைத்திருந்தவன் இப்போதுதான் விழுங்கியிருக்கிறான். வீப்கெவுக்கு அவன்மீதும் எரிச்சல்தான் வந்தது.

"நானும் ஒரு தப்பு பண்ணினேன்," என்றாள் அவள். "அன்னிக்குச் சங்கத்தோட ஆண்டு விழா. எல்லாரும் பாத்துக்கிட்டிருந்தீங்க. கட்டைவிரல் மரத்துப்போனதும் சொல்லாம ஒரு நிமிஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டிருந்தேன். அது என் தப்பு, ஒத்துக்கறேன். அப்புறம் சொன்னேன். ஊவெ அடியில வந்து ரெண்டு கையாலயும் என்னைத் தாங்கிட்டான். கத்தரி அவன் இடுப்புல இருந்துச்சு, எடுத்துக்கோன்னு டோர்பென்கிட்ட சொன்னான். இவன் என்ன சொன்னான்னு கேளுங்க."

"அவிழ்த்துடறேன்னு சொன்னேன்," என்றான் டோர்பென். குரலில் வெண்ணெய் தடவியிருந்தது. "வீப்கெ, நீ இதை இப்படி உணர்றது எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கு. ஆனா பதறிப்போய் வெட்டினா ஆள் தலைகீழா விழுந்துடுவாங்க."

"நான்தான் தாங்கிக்கிட்டிருந்தேனே," என்றான் ஊவெ.

"மேல்கையில முடிச்சு இறுகிக் கிடந்துச்சு. அவிழ்க்க நேரமாச்சு. யாருக்குமே ஆகும். இருபது வருஷமா கட்டறேன், ஒரு தடவைகூட வெட்டினதில்ல."

சொல்லும்போது டோர்பென் முகத்தில் பெருமை தெரிந்தது. கத்தரி எடுப்பவனுக்குக் கட்டத் தெரியாது என்று அந்தக் கூடத்தில் ஒரு பேச்சு உண்டு. அவனே பரப்பிய பேச்சுதான். கயிறும் லேசுப்பட்டதல்ல. ஜப்பானிலிருந்து வரவழைத்த சணல். வேகவைத்து, தீயில் வாட்டி, எண்ணெய் பூசி ஆறு வருடமாகப் பெற்ற பிள்ளையைப் போல வளர்க்கிறான்.

"மூணு நிமிஷம் நாப்பது செகண்டு," என்றாள் வீப்கெ. "விழாவுல எடுத்த வீடியோவுல பாத்தேன். வெட்டியிருந்தா அஞ்சு செகண்டு. நான் ஆபத்துக்குச் சம்மதிச்சேன். வலிக்குச் சம்மதிச்சேன். நரம்பு போகலாம்னு தெரிஞ்சும் சம்மதிச்சேன். உன் கயித்தோட மானத்துக்கு என் கையைக் குடுக்கறேன்னு எந்தத் தாள்லயும் நான் டிக் பண்ணலை."

"அபாண்டம்," என்றான் டோர்பென். "ஒரு மனுஷியோட கையைவிட எனக்குக் கயிறா பெருசு? கேக்கறவங்க சிரிப்பாங்க."

ஃபால்க் உடனே சிரித்தும் காட்டினான்.

வீப்கெ பையிலிருந்து ஒரு கத்தரிக்கோலை எடுத்து கேக் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஆம்புலன்ஸ்காரர்கள் வைத்திருக்கிற மொட்டைமூக்குக் கத்தரி. "அந்தக் கயிறு உன் பையிலதான் இருக்கு. எடு. இப்போ யாரும் தொங்கலை, யாரும் அலறலை. வெட்டு. நீ வெட்டிட்டா வியாழக்கிழமை வகுப்புக்கு உனக்காக நானே கையைத் தூக்கறேன். தூக்கறதுக்கு இன்னொரு கை இருக்கு."

"இது என்ன நாடகம்?"

"அஞ்சு செகண்டு நாடகம். ஊவெ, மணி பாரு."

டோர்பென் ஆன்னெகிரெட்டைப் பார்த்தான். அவள் தடுப்பாள் என்று எதிர்பார்த்திருப்பான். அவள் பேனாவோடு காத்திருந்தாள். அவன் தோளைக் குலுக்கிவிட்டுப் பையைத் திறந்து கயிற்றுக் கற்றையை எடுத்து மேசைமேல் வைத்தான். பொன்னிறம், ஒரு பிசிறு இல்லை. வலது கையில் கத்தரியை வாங்கினான், விரல்களை வளையத்துக்குள் விட்டான். பிறகு கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, கற்றையைச் சுற்றியிருந்த முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினான்.

அவன் விரல்கள் நிதானமாக வேலை செய்தன. ஒரு சுற்று, இன்னொரு சுற்று. நாற்பது பேர் தன் கையையே பார்த்துக்கொண்டிருப்பது அவனுக்கு உறைக்கவே இல்லை, அதுதான் வேடிக்கை. முடிச்சு அவிழ்ந்ததும் கயிற்றை உருவி நுனியைத் தேடி எடுத்தான். நுனியிலிருந்து ஒரு விரல்கடை அளந்து, அந்த இடத்தில் கத்தரியை வைத்து நறுக்கினான்.

"போதுமா?" என்றான்.

"ஒரு நிமிஷம் பத்து செகண்டு," என்றான் ஊவெ.

அப்போதுதான் டோர்பென் நிமிர்ந்தான். ஃபால்க் தன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெட்டிய துண்டு பாதிச் சிகரெட் அளவுகூட இல்லாமல் மேசையில் கிடந்தது. வீப்கெவுக்கு ஜெயித்த சந்தோஷம் வரவில்லை. ஏழு வாரமாக, ஒருவேளை தான்தான் அவனைத் தப்பாக நினைத்துவிட்டோமோ என்று ஒரு மூலையில் சந்தேகம் இருந்தது. அதுவும் இப்போது போய்விட்டது. அவள் இடது கையால் கத்தரியை எடுத்துப் பைக்குள் வைத்தாள்.

ஆன்னெகிரெட் தீர்மானப் புத்தகத்தில் டோர்பென் பெயர் இருந்த வரியை அடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"வியாழக்கிழமை வகுப்பை யார் எடுக்கறீங்க?" என்றாள்.