சூதாட்ட மேலாளர் மார்லிஸ்

எரிகிற வீட்டுக்குள் புகுந்து ஆளைத் தூக்கி வர நோர்ட்பி ஊரில் பெரிதாக ஒன்றும் கேட்கமாட்டார்கள். கொஞ்சம் பயிற்சி, ஒரு ஜோடி பூட்ஸ், பெண்டாட்டியின் சம்மதம். ஆனால் அதே தீயணைப்புச் சங்கத்துக்கு நிதி திரட்ட, வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாலியின் பாரில் ஒரு டப்பாவுக்குள் கையை விட்டு, பரிசுப் பன்றித்தொடை யாருக்கு என்று சீட்டு எடுக்க வேண்டுமா? மின்னசோட்டா மாநிலம் அவ்வளவு லேசில் விட்டுவிடாது. சங்கத்தில் பழைய உறுப்பினராக இருக்க வேண்டும். பேரில் கேஸ் எதுவும் இருக்கக்கூடாது. வகுப்புக்குப் போய்ப் பரீட்சை எழுதித் தேற வேண்டும். நாளைக்குப் பணத்தோடு கம்பி நீட்டினால் ஈடுகட்ட ஜாமீன் பத்திரம் வேண்டும். இத்தனையும் தாண்டினால் 'சூதாட்ட மேலாளர்' என்று லைசென்ஸ் வரும்.

பழைய மேலாளர் வெர்னன் முட்டிவலி தாங்காமல் அரிசோனா வெயிலுக்குக் குடிபோனதும் ஊர் ஆள் தேடியது. வாலிக்கு ஆசைதான், ஆனால் இடம் கொடுக்கிற பார்க்காரர் மேலாளராகக் கூடாது. பேங்க் மேனேஜர் ஊருக்கே புதுசு. தபால்காரருக்கு ஒரு பழைய விவகாரம். அவர் அதை வாலிபக் குறும்பு என்பார். கோர்ட் வேறு பெயர் வைத்திருந்தது. சலித்துச் சலித்துப் பார்த்ததில் சல்லடையில் நின்றது ஒரே ஆள், மார்லிஸ் ஹாக்டால். சர்ச்சில் ஆர்கன் வாசிப்பவள். தீயணைக்கிறவர்களுக்குக் காபி போட்டுக் கொடுத்தே சங்கத்தில் உறுப்பினரானவள். சீட்டுக்கட்டைத் தொட்டால் கை கழுவுகிற ரகம். ஊரில் சூதாட்டம் நடத்தத் தகுதியுள்ள ஒரே ஆள் சூதாட்டத்தைப் பாவம் என்பவள்தான் என்று சட்டம் கண்டுபிடித்துக் கொடுத்தது.

நடப்பதுதான் நடக்கிறது, சுத்தமாகவாவது நடக்கட்டும் என்று மார்லிஸ் ஒப்புக்கொண்டாள். பரீட்சையில் தேறி, லைசென்ஸுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, பாரில் பீர் விளம்பரத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள்.

வெர்னன் சீட்டை எடுப்பார், கண்ணை இடுக்குவார், ஒரு நம்பரைச் சொல்வார், சீட்டைப் பைக்குள் திணிப்பார். மார்லிஸ் அப்படியா? எடுத்த சீட்டை எல்லோருக்கும் உயர்த்திக் காட்டி, பலகையில் குண்டூசியால் குத்தி வைத்தாள். அரிச்சந்திரன் பார்த்திருந்தால் வெட்கப்பட்டிருப்பான். நாலு வாரத்தில் மூன்று தடவை டெல்பர்ட் கிரானுக்கு விழுந்தது. வரிசையாக வான்கோழிக் கொட்டகை வைத்திருக்கிற டெல்பர்ட்டுக்கு இறைச்சிக்கா பஞ்சம்? கைதட்டல் நின்றுபோனது. நேர்மையைக் கண்டால் ஜனங்களுக்குப் பிடிப்பதில்லை என்று மார்லிஸ் முடிவு கட்டினாள்.

அடுத்த வெள்ளியன்று, குலுக்கலுக்கு முன்னால், சீட்டு விற்கிற லோர்னா அவளைச் சமையல்கட்டுக்குள் இழுத்துப் போனாள்.

"அக்கா, அந்தச் சீட்டைத் தூக்கிக் காட்டித்தான் ஆகணுமா?"

"சட்டம்னா சட்டம்தான்."

"சட்டம் வந்து கெர்மிட் வீட்டுல சமைச்சுப் போடுமா?"

கெர்மிட் சாதர் வேலை பார்த்த மர அறுப்பு மில்லை மூடிவிட்டார்கள். மனைவி டோரிஸ் ஆபரேஷன் முடிந்து படுக்கையில். பக்கத்து வீட்டார் கொண்டுபோன சாப்பாட்டை மூடி திறக்காமலே, "வீடு மாறி வந்துட்டீங்க போல" என்று திருப்பி அனுப்பிய மனுஷன். அந்த ஊரில் கொடுக்க ஆயிரம் கை நீளும். வாங்கத்தான் ஒரு கையும் நீளாது.

"ஜெயிச்சது தானம் இல்லையேக்கா," என்றாள் லோர்னா. "அவரு என்ன நம்பர் வாங்கியிருக்காருன்னு நான் ஜாடை காட்டுவேன். வெர்னண்ணன் அதைப் படிப்பாரு. நெசமா விழுந்தவங்க வாயைத் தொறக்க மாட்டாங்க. ஊருக்கே தெரியும், வாங்குறவங்களைத் தவிர."

"இதுக்குப் பேரு மோசடி லோர்னா. தெரிஞ்சா லைசென்ஸே போயிரும். சங்கத்துக்கு ஒரு குலுக்கலும் மிஞ்சாது."

லோர்னா குரலைத் தாழ்த்தினாள். "லைலண்ணன் வேலைக்குப் போக முடியாம சீக்கா இருந்த குளிர்காலத்துல நீங்க இவ்வளவு கேக்கலையே."

அந்தக் குளிர்காலம் முழுக்க மார்லிஸின் கணவர் லைல் வெள்ளிக்கிழமை தவறாமல் பாரிலிருந்து ஒரு இறைச்சிப் பொட்டலத்தோடு வருவார். சூதாடினாயா என்று திட்டுவாள், திட்டிக்கொண்டே வறுப்பாள். மன்னிப்பும் நன்றியும் ஒரே ஜெபத்தில் கேட்டுச் சொல்லி முடிப்பாள். ஆண்டவர் எங்களைக் கைவிடவில்லை என்று பாதிரியாரிடம் சாட்சி வேறு சொன்னாள். ஆண்டவர் வாலியின் பாரில் கண்ணை இடுக்கிக்கொண்டு நின்றிருக்கிறார். அவமானமாக இருந்தது. அதைவிட, அழுகை வந்தது.

வெளியே கெர்மிட் மூலை மேசையில் தொப்பியைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். லோர்னா அவரிடம் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, மார்லிஸின் காதருகே வந்து, "முப்பத்திரண்டு," என்றாள்.

மார்லிஸ் டப்பாவுக்குள் கை விட்டாள். வந்தது பதினாலு. முன்வரிசையில் இருந்த டெல்பர்ட் அவள் கையிலிருந்த நம்பரை எட்டிப் படித்து, தன் சீட்டைப் பார்த்துவிட்டு, அவளைப் பார்த்தார். லைசென்ஸில் அவள் கையெழுத்து பளிச்சென்று இருந்தது.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். மறுபடி மாட்டவில்லை.

"முப்பத்திரண்டு."

டெல்பர்ட் சீட்டைக் கசக்கி மீதி பீருக்குள் போட்டார். "நம்ம ராசி போச்சுப்பா. மூணு வாரம்தான் தாங்குச்சு," என்றார் பக்கத்தாளிடம். நாலு வாரத்துக்கு அப்புறம் பாரில் கைதட்டல் கேட்டது. சீட்டைக் காட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

கெர்மிட் பன்றித்தொடையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அவளிடம் வந்தார்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும் மார்லிஸம்மா. வெர்னன் இருந்தப்ப எனக்கு ஒரு உறுத்தல். எரக்கப்பட்டுப் படிக்கிறானோன்னு. கடைசி ரெண்டு தடவை விழுந்த கறிய மேசையிலயே வெச்சிட்டுப் போயிட்டேன். நீங்க படிச்சா அப்படி ஒரு பேச்சுக்கே எடமில்ல. டோரிஸ்கிட்ட தலை நிமிந்து சொல்லுவேன், ஜெயிச்சேன்னு."

"விதிமுறை அப்படி, கெர்மிட்," என்றாள் மார்லிஸ். வேறு எதைச் சொன்னாலும் உடைந்திருப்பாள்.

அவர் போய்க் கதவு சாத்தியதும் லோர்னா மெல்ல வந்து நின்றாள். "சீட்டைப் பலகையில குத்தலையாக்கா?"

மார்லிஸ் சட்டைப் பைக்குள் பதினாலை இன்னும் ஆழமாகத் தள்ளினாள்.

"குண்டூசி தீந்துபோச்சு," என்று சொல்லி, நிறைந்திருந்த குண்டூசி டப்பாவை எடுத்து மேசைக்கடியில் வைத்தாள்.