அறுபதுக்கு மேல் சாகாதவர்கள்

பணி ஓய்வுக்குப் பதினெட்டு நாள் இருக்கையில், தனக்கு இனிமேல் சாவே கிடையாது என்று ஜெகநாதன் கண்டுபிடித்தார்.

எல்லாம் ஸ்காட்லாந்துப் பாதிரிமார் இருவரால் வந்த வினை. ஏறக்குறைய முந்நூறு வருஷத்துக்கு முன்னால், ஆண்டுக்கு எத்தனை பாதிரியார் சாவார், எத்தனை விதவைகள் மிஞ்சுவார்கள் என்று கணக்குப் போட்டுச் சந்தா வாங்கி, இன்றைய ஆயுள் காப்பீட்டுக்குப் பிள்ளையார் சுழி போட்டவர்கள் அவர்கள். அதை எங்கோ படித்த மனிதர், தீவில், டெலானிபூரில், தங்கள் தமிழ்க் குடும்பச் சங்கத்துக்கும் அப்படியொரு நிதி வேண்டுமென்று நாற்பது வருஷத்து உறுப்பினர் பதிவேட்டை வீட்டுக்கே தூக்கி வந்துவிட்டார்.

அவர் மனைவி அலமுவின் கவலை வேறு. திருச்சியில் மகள் சங்கவிக்கு எட்டாம் மாதம். கப்பல் டிக்கெட் எடுக்க நாளைதான் கடைசி நாள்.

"டிக்கெட்டா? பைத்தியமா உனக்கு?" என்றார் ஜெகநாதன். "இருபத்துமூணு பேர் செத்திருக்காங்க. அத்தனை பேரும் அறுபதுக்குள்ள. தாண்டினவன் ஒருத்தன்கூடச் சாகல. இந்த ஊர்க் காத்து அப்படி! பக்கா ப்ரூஃப். நான் இங்கேதான்."

"அரே வா! அப்போ பேரப்பிள்ளை?"

"வீடியோவுல பார்த்துக்கலாம்."

அலமு பதிவேட்டைப் பிடுங்கினாள். இடது பக்கம் பெயர், வயது, இறந்த தேதி. மனிதர் அதை மட்டும்தான் எழுதியெடுத்திருந்தார். வலது பக்கத்தில், ஓய்வு பெற்ற ஒவ்வொருவர் பெயருக்கும் நேரே 'மெயின்லேண்ட்' என்றிருந்தது; அதாவது, தீவை விட்டுக் கப்பலேறி ஊர் திரும்பியாயிற்று. கப்பலேறியவர் பிறகு என்ன ஆனார் என்று சங்கம் கேட்டதுமில்லை, எழுதியதுமில்லை.

இங்கே ஓய்வு பெற்றுக் கப்பலேறிப் போன சிவஞானம் போன மாதம் மதுரையில் தவறிவிட்டதாக அவர் மனைவி ராணி போனில் அழுதது அலமுவுக்கு நினைவு வந்தது. அதை அப்படியே விழுங்கிக்கொண்டாள்.

"ஏங்க கணக்குப் புலி, இந்தப் பக்கத்தையும் கூட்டுங்க. செத்த இருபத்துமூணு பேரும் இங்கேயே கிடந்தவங்க. கப்பலேறின நூத்திப் பதினேழு பேர்ல யாராவது செத்ததா எழுதியிருக்கா?"

ஜெகநாதன் விரலை வைத்து வரி வரியாகத் தேடினார். இல்லை. மறுபடி தேடினார். முகம் வெளுத்தது.

"அலமு, நாம இங்க முப்பது வருஷமாவா இருக்கோம்?"

"அதைத்தான் சொல்றேன். இன்னும் பதினெட்டு நாள் வேற பாக்கி."

அந்தப் பதினெட்டு நாளும் மாடிப்படியில் கைப்பிடியை விடாமல் இறங்கினார். கப்பலில் முதல் ஆளாக ஏறினார்.

திருச்சியில் பேத்தியோடு நாலு வருஷம் ஆடித் தீர்த்தார். ஒரு மாலை அவர் கண்ணை மூடியபோது, சொல்ல வேண்டியவர்களுக்கெல்லாம் அலமு சொல்லி அனுப்பினாள். டெலானிபூர் சங்கத்துக்கு மட்டும் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை; பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே 'மெயின்லேண்ட்' என்று மட்டுமே இருக்கட்டும்.