வெள்ளை அடித்தால் விலைபோகும்

கதவைத் திறந்தது வெண்டல் இல்லை, பெயின்டர். முழங்கால்களில் வெள்ளைத் திட்டுகள் காய்ந்துபோன கால்சட்டை, காதில் செருகிய பென்சில்.

"பார்த்து வாங்க மேடம். தரையெல்லாம் பிளாஸ்டிக், வழுக்கும்" என்றான்.

மணமுறிவு வரை தன்னுடையது என்று நினைத்துக்கொண்டிருந்த வீட்டுக்குள் நடீன் விருந்தாளியைப் போலக் கால் வைத்தாள். அவள் கணவனாக இருந்த வெண்டலின் பெயருக்கு அவன் அத்தை எழுதிவைத்த வீடு. சட்டம் அதற்கு மேல் எதையும் கேட்கவில்லை.

வெண்டல் காப்பிக் கோப்பையோடு சமையலறையிலிருந்து வந்தான். "உன் பெட்டி மாடிப்படிக்குக் கீழே இருக்கு. ரெண்டு."

"ரெண்டுதானா?"

"வேற என்ன இருக்கு? எல்லாம் சுவத்தோட இருக்கு. பிடுங்கிட்டா போகப் போற?"

அது உண்மைதான். கலிஃபோர்னியாவின் பசடேனாவில் ஆரஞ்சுத் தோப்புகளை மனைகளாக வெட்டிய காலத்தில் கட்டிய, கிராஃப்ட்ஸ்மன் பாணி வீடு. தொழிற்சாலைப் புகையும் பொய்ப் பூச்சுப் பூசிய மலிவான சாமான்களும் சலித்துப்போனவர்கள், மேற்கே வந்து இப்படிக் கட்டிக்கொண்டார்கள். மரம் மரமாகவே தெரிய வேண்டும், எது எதைத் தாங்குகிறது என்பதை மறைக்கக்கூடாது என்பது அவர்கள் பிடிவாதம். ஒரு மரச்சட்டத்தின் நாக்கு இன்னொன்றின் துளைக்குள் நுழைந்து மறுபக்கம் எட்டிப்பார்க்கும். புத்தக அலமாரி, கணப்படுப்பின் ஓரத்து இருக்கை, சாப்பாட்டு அறையின் பாத்திர அலமாரி எல்லாம் சுவரிலிருந்தே முளைத்தவை. கல்யாணமான புதிதில் நடீன் மயங்கியதும் அதில்தான். எதையும் நகர்த்த முடியாத வீட்டில் எதுவும் நகர்ந்துபோகாது என்று நம்பினாள்.

அப்போது அந்த மரமெல்லாம் பல பூச்சு பெயின்டுக்கு அடியில் கிடந்தது. இருண்ட மரம் என்றால் ஏழ்மை என்று அத்தையின் காலத்தில் நினைத்தார்கள். நடீனுக்குப் பல் மருத்துவமனையில் பல் சுத்தம் செய்யும் வேலை. அங்கே தேய்ந்து ஒதுக்கிய கருவிகளை வீட்டுக்குக் கொண்டுவந்து, மாலை வேளைகளில் மூலை மூலையாகச் சுரண்டினாள். "என் பொண்டாட்டி வீட்டுக்கே பல் விளக்கி விடுறா" என்று விருந்தாளிகளிடம் வெண்டல் சிரிப்பான். அவளும் சிரிப்பாள். பதினோரு வருடம். கடைசி இரண்டு வருடங்களில் அவன் வேறொருத்தியின் வீட்டிலிருந்து திரும்பிவந்து, அன்று வெளிப்பட்ட பலகையைத் தடவிப் பார்த்து, "என்ன அழகு, இல்ல?" என்பான். ஒளிவுமறைவு இல்லாத வீடு.

"வெள்ளையா?" என்றாள் அவள், வரிசையாக நின்ற பெயின்ட் டப்பாக்களைப் பார்த்து.

"புரோக்கரம்மா சொல்லிட்டாங்க. இருட்டு வீட்டை இப்ப யாரும் வாங்க மாட்டாங்களாம். வெள்ளை அடிச்சா விலைபோகும்."

"உனக்கு அந்த இருட்டு வசதியாத்தானே இருந்துச்சு."

"ஆரம்பிக்காத நடீன். வேலைக்கு ஆள் வந்து நிக்கிறாரு."

அவள் சாப்பாட்டு அறைப் பக்கம் திரும்பினாள். வேண்டாம் என்று நினைத்திருந்தும் கேட்டுவிட்டாள். "இந்த அலமாரியை மட்டும் விட்டுடு. இது ஒண்ணுக்கு அடிக்காத."

"ஒண்ணை மட்டும் விட்டா சொத்தைப் பல்லு மாதிரி தெரியும். உனக்குத் தெரியாததா?" அதற்குள் அவன் கைபேசி அதிர்ந்தது. எடுத்துக்கொண்டு முன்தாழ்வாரத்துக்குப் போனான்.

பெயின்டர் குனிந்து தூரிகையின் மயிரை நீவிக்கொண்டிருந்தான். "ஒட்டுக்கேக்கலை மேடம். ஆனா காதைக் கழட்டி வைக்க முடியலையே" என்றான். அவள் சிரிக்கவில்லை. "என் பேரு எஃப்ராயின். ஒண்ணு கேக்கணும். இந்த மரத்தையெல்லாம் சுரண்டி எடுத்தது நீங்கதானாமே. மேல மெழுகு ஏதாவது போட்டீங்களா? அவரைக் கேட்டா, 'எண்ணெயோ என்னமோ'ங்கிறாரு."

"போட்டிருந்தா?"

"பிரைமர், அதான் அடிப்பூச்சு, பிடிக்காது. அழுத்தி அடிச்சா இப்ப நல்லாத்தான் இருக்கும், மொதல் கோடைக்கே பட்டை பட்டையா உரிஞ்சு வந்துடும். அப்படின்னா மெஷின் போட்டு, வெறும் மரம் தெரியிற வரைக்கும் தேய்ச்சாகணும். சனிக்கிழமை வீடு பார்க்க ஆளுங்க வர்றாங்க, நான் தூங்குன மாதிரிதான். சோதிச்சுப் பார்க்கலாம். ஆனா செஞ்ச ஆளே நிக்கும்போது எதுக்கு? நீங்க சொன்னா போதும்."

"உரிஞ்சா யாரைக் கேப்பாங்க?"

"என்னைத்தான். ஒரு வருஷம் பொறுப்பு என்னோடது. திரும்ப வந்து சும்மா அடிச்சுக் குடுக்கணும்." அதையும் ஒரு வேடிக்கை போலத்தான் சொன்னான்.

நடீன் அலமாரியின் கதவைப் பார்த்தாள். ஒவ்வொரு நவம்பரிலும் மெழுகு தேய்த்து, கம்பளித் துணியால் மெருகேற்றிய ஓக் பலகை. சாய்ந்த வெளிச்சம் பட்டால் மட்டும் உள்ளிருந்து வெள்ளிக் கீற்றுகள் எழும். போட்டேன் என்று சொன்னால், மெஷின் அந்தக் கீற்றுகளைத் தூளாக்கி ஒரு பையில் நிரப்பிவிடும். போடவில்லை என்று சொன்னால் வெள்ளை நிற்காது. ஏதோ ஒரு கோடையில், முகம் தெரியாத யாரோ நகத்தால் கிள்ளி இழுக்க, மரம் வெளியே வரும். இந்த மனிதன் அந்தக் கறைபட்ட முழங்கால்களில் மறுபடி வந்து உட்காருவான்.

அவன் காத்திருந்தான். அவசரப்படுத்தவில்லை. அது அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

வெளியே வெண்டல் போனில் தாழ்ந்த குரலில் சிரித்தான். அந்தக் குரல் அவனிடம் இருக்கிறது என்பதே அவளுக்குக் கடைசி வரை தெரியாமல் இருந்தது.

"இல்ல" என்றாள். "மெழுகு போடலை."

"அப்பாடா. புண்ணியமாப் போச்சு உங்களுக்கு." எஃப்ராயின் டப்பாவின் மூடியை நெம்பித் திறந்தான். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க மேடம், துணியில தெறிக்கும்."

தூரிகை அலமாரிக் கதவின் மேல் ஒரு முறை இறங்கியது. அகலமான வெள்ளைப் பட்டை ஒரு கணம் முழுதாக நின்றது. பிறகு அங்கங்கே சுருங்கி, மெழுகில் விழுந்த தண்ணீர் போல முத்து முத்தாகத் திரண்டு, நடுவில் பழுப்பு மரத்தைக் காட்டியது. எஃப்ராயின் தலையைச் சாய்த்துப் பார்த்தான். தூரிகையை மறுபடி தோய்த்து, அதே இடத்தில் இன்னும் அழுத்தி இழுத்தான்.