கடைசி வரியை எந்தக் குரலில் படிப்பது

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மழைக்கு ஒதுங்கப் போய் ஒரு கவிதை வாசிப்புக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டேன். மைக் முன்னால் ஒரு பெண் தாளோடு நின்றாள். வாயே திறக்கவில்லை. மைக்தான் கெட்டுப்போச்சோ என்று ஒருவர் எழுந்துபோய்த் தட்டிப் பார்த்தார். எனக்குப் பதற்றம் தாங்கவில்லை, மழையிலேயே இறங்கி நடந்துவிட்டேன். அவள் படித்தாளா, தெரியாது. அந்த அரிப்பில்தான் இதை எழுதுகிறேன்.

2

அவளுக்கு ஒரு வேலை கொடுக்க வேண்டும். ஆசிரியை என்று எழுதி அடித்தேன். ரயில் நிலைய அறிவிப்பாளர்? மைக்கிலேயே பிழைப்பு நடத்துகிறவளுக்கு மைக் பயமா என்று கேட்பீர்கள். கேளுங்கள். ஆனால் அவள் பேசுவது கண்ணாடி அறைக்குள் தனியாக உட்கார்ந்து. கேட்கிறவர்கள் முகத்தை அவள் பார்த்ததே இல்லை. இங்கேயோ அறை நிறைய முகம். சரி, அறிவிப்பாளரே இருக்கட்டும்.

3

நூலக மாடியில் அவள் தன் முறைக்காகக் காத்திருந்தபோது காற்று [காற்றை விடு, விஷயத்துக்கு வா] கதவைத் தள்ளிக்கொண்டு அக்கா வந்தாள். அம்மா போனதிலிருந்து பேச்சுவார்த்தை இல்லாத அக்கா. அம்மா படுத்த படுக்கையாய்க் கிடந்தபோது ஒருநாள்கூட எட்டிப் பார்க்காதவள். தங்கை கையில் இருந்த ஒரே கவிதை அதைப் பற்றியது.

"உனக்கு யாரு சொன்னா?"

"மாமாதான் நோட்டீஸைக் காட்டினாரு. ஏண்டி, நான் வரக் கூடாதா?"

"அதுக்கில்ல... உக்காரு."

"நீ படிக்கிறதக் கேக்கணும்போல இருந்துச்சு."

* அக்கா ஏன் வந்தாள்? சமாதானத்துக்கா, வேவு பார்க்கவா? எனக்கே பிடிபடவில்லை. காரணம் எழுதிப் பார்த்தேன், எல்லாம் பொய்யாக இருந்தது. வந்துவிட்டாள், அவ்வளவுதான். உங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் மட்டும் காரணம் சொல்லிவிட்டா வருகிறார்கள்?

4

அவளைக் கூப்பிட்டார்கள். தாளோடு போய் நின்றாள். மைக்கைக் கண்டதும், பழக்கதோஷம், வாய் தானாகத் திறந்தது.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு..."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. முதலில் சிரித்தவள் அக்கா. அந்தச் சிரிப்பு அம்மாவுடைய [வேண்டாம், இதை முடித்தால் அழ வேண்டியிருக்கும்]

அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அவள் தாளைக் கீழே இறக்கினாள். உர்ரென்று உட்கார்ந்திருந்தால் படித்துத் தொலைத்திருக்கலாம். இப்படிச் சிரிக்கிறவளிடம் எப்படிப் படிப்பது?

"படிடி, நாங்கதானே," என்றாள் அக்கா.

படித்தாள்.

'தாமதமாக வரும் எல்லா வண்டிக்காகவும்
வருத்தம் தெரிவிக்கிறேன்.
வராமலே இருந்தவளுக்காக
யார் தெரிவிப்பது?'

அக்காவின் சிரிப்பு அப்படியே நின்றது. மடியிலிருந்த கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இன்னும் ஒரு வரி பாக்கி.

5

முடிவுகள் எழுதிப் பார்த்தேன். கடைசி வரியை விழுங்கிவிட்டு நன்றி சொல்லி இறங்குகிறாள்: கோழைத்தனம், அவளுடையது அல்ல, என்னுடையது. கரண்ட் போய்விடுகிறது: வெட்கக்கேடு. அக்கா ஓடிவந்து கட்டிப்பிடித்துக்கொண்டு... ஐயோ, போதும்.

எங்கே இடிக்கிறது என்று இப்போதுதான் புரிகிறது. தாளில் எழுதியபோது அந்த வரிக்குக் குரல் தேவைப்படவில்லை. அதைக் குத்திக்காட்டுவதாகவும் படிக்கலாம், அக்காவுக்குக் கொடுத்துவிட்டுப் போவதாகவும் படிக்கலாம். அவளுக்கோ தெரிந்தது ஒரே குரல். வண்டி வந்தாலும் ரத்தானாலும் அதே குரல். இங்கே குரல் பிசகினால் அக்கா எழுந்து போய்விடுவாள். அப்புறம் வரவே மாட்டாள். அவளுக்கு இருப்பதும் இந்த ஓர் அக்காதான்.

எனக்குத் தைரியம் இல்லை. நீங்கள் படியுங்கள். மனசுக்குள் இல்லை, வாய்விட்டு. அக்கா இன்னும் உட்கார்ந்துதான் இருக்கிறாள்.

'கடைசி வரைக்கும் அம்மா உன்னைத்தான் தேடினாள், அக்கா.'